ஈரத்துக்குக் கழிவு

காசல்ரீ நீரில் நேற்றிரவு விமானம் தங்கிவிட்டது.
மூடுபனி. இடையிடையே மழை.
பயணிகளை வேனில் ஹட்டனுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு
மிதவைகள் இரண்டையும் கயிற்றில் கட்டினோம்,
நானும் தினூக்கவும்.
இரண்டாம் வருடப் பயிலுநர்கள்.
எதைக் கழற்றலாம் என்று தெரியும்,
எதற்கும் கையெழுத்துப் போட முடியாது.

காலை ஆறு மணி. பற்றரிச் சுவிட்சைப் போட்டேன்.
இடது தாங்கி: நிறைவு.
நிறைவையும் தாண்டி
முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.
நேற்று இறங்கும்போது பாதிக்கும் கீழே இருந்தது.
இரவில் எவரும் ஒரு லீற்றர்கூட ஊற்றவில்லை.

"மீட்டர் பிழை" என்றான் தினூக்க.
மீட்டர் பிழையில்லை.
கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது.

தாங்கிக்குள் ஒரு குழாய், அதற்குள் இன்னொரு குழாய்.
ஒன்றையொன்று தொடாது.
தொட்டால் அது கொள்ளளவி அல்ல, வெறும் கம்பி.
ஒன்றில் எவ்வளவு வந்து சேர்கிறதோ
அவ்வளவு மற்றதிலிருந்து போய்விடும்;
இடைவெளியை ஓர் இலத்திரனும் நடந்து கடக்காது.
இந்தியப் புத்தகத்தில் இதற்கு மின்தேக்கி என்று பேர்.
எதிரே கிடக்கும் தேக்கத்தைப் பார்க்கிறேன்.
ஆறு வந்து நிறைகிற மாதிரி இல்லை இது.
இழுத்துக் கட்டிய தப்புத்தோல் மாதிரி.
விட்டால் அடிக்கும்.

அடித்திருக்கிறது.
போன மாதம் பட்டறையில், தீப்பொறிப் பெட்டியைக்
கழற்றியவன் விரல் ஒருநாள் முழுக்க மரத்துக் கிடந்தது.
மின்சாரத்தை நிறுத்தித்தான் இருந்தான்.
காத்திருக்கவில்லை.
முதல் தவணையில் நூற்றில் அறுபத்துமூன்று போகும்,
அடுத்ததில் மிச்சத்தின் அறுபத்துமூன்று,
பிறகு அந்த மிச்சத்தின் மிச்சம்.
முற்றாக என்ற சொல் அதனிடம் கிடையாது.
ஐந்து தவணை கழிந்தால் முடிந்தது என்று
நாமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

சரி, தாங்கிக்கு வருகிறேன்.
தகட்டின் பரப்பு கூடினால் கூடும்,
இடைவெளி கூடினால் குறையும்.
இரண்டும் செய்த இடத்திலேயே முடிவாகிவிட்டவை.
மாறுவது நடுவில் நிற்பது மட்டும்.
காற்றென்றால் ஒன்று.
மண்ணெண்ணெய் என்றால் இரண்டும் கொஞ்சமும்.
அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே முள் அசைந்து
எவ்வளவு தூரம் பறக்கலாம் என்று சொல்லும்.

தண்ணீர் என்றால் எண்பது.

பரீட்சைக்குப் பாடமாக்கி
அடுத்த நாளே மறந்துபோன எண்.

நோர்வூட்டில் அம்மா கொழுந்து நிறுக்கையில்
மழைநாளென்றால், சாக்கு தராசில் தொங்குமுன்னே
"ஈரத்துக்கு மூணு கிலோ" என்று கழித்துவிடுவார்கள்.
வெயில் நாளிலும் சிலவேளை ஈரம் இருக்கும்,
கணக்கு எழுதுகிறவரின் பேனாவில்.
அந்தத் தராசுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு சந்தேகம்.
இந்தத் தராசுக்கோ கொண்டாட்டம்:
அடியில் ஒரு விரல் தண்ணீர் கிடந்தால் போதும்,
தாங்கி நிறைந்ததென்று பேர் போட்டுவிடும்.

வடிகால் வாயைத் திறந்து போத்தலில் பிடித்தேன்.
மேலே மண்ணெண்ணெய், கீழே மழை,
நடுவில் நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு.
தினூக்க மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.
ரப்பர் வளையம் இரண்டிடத்தில் வெடித்திருந்தது.
மீட்டரைப் பற்றி அவன் பிறகு பேசவில்லை.

கப்டன் தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்தார்.
முள்ளைப் பார்த்தார். "நிறைய இருக்குதே, கிளம்பலாமா?"
போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.
கோப்பையைக் கீழே வைத்தார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
இடது தாங்கி. காட்டியது, நிறைவு. இருப்பது, தெரியாது.
பயிலுநர் மா. லோஜினி.
பக்கத்துக் கட்டம் காலி. அதற்குரியவர்
இரத்மலானையிலிருந்து வீதி வழியாக வருகிறார்;
கினிகத்தேனையில் பனி என்று சொன்னார்கள்.

அம்மா அழைத்தாள். "பறந்துட்டீங்களா?"
"இல்லம்மா, தண்ணிக்குக் கழிச்சுக்கிட்டு இருக்கோம்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எத்தன கிலோ?" என்றாள்.