…ம்மாள், மெட்ராஸ்

வால்டாக்ஸ் ரோட்டில்
பழைய மிக்சி ஜார்களுக்கு அடியிலிருந்து
நூற்றைம்பது ரூபாய்க்கு எடுத்தேன் இந்தத் தட்டை.
நடுக் காகிதத்தை எலி தின்றிருந்தது.
அரக்கின் கறுப்பு மட்டும் அப்படியே,
மழை விட்ட தார்ச்சாலை மாதிரி.
"பாடாது மேடம், செவுத்துல மாட்டிக்கங்க"
என்றார் முனவர்.

பாடியது.
ஃப்ளெக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவில்,
கரண்ட் போன ஒரு மத்தியானம்,
சாவி கொடுத்துச் சுழலவிட்டேன்.
முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு.
பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண்,
புனலுக்குள் தலையை விட்டு யாரையோ கூப்பிடுகிற மாதிரி,
எதிரில் ஒருவன் கடிகாரத்தைக் காட்டி நிற்கிற மாதிரி.
மூன்றே நிமிடம்.
ராகம் எனக்குத் தெரியாது.
அவசரம் தெரியும்.
விடிவதற்குள் பேனர் கேட்கிற ஊரில்
பதினோரு வருஷமாய் எழுத்து அடுக்குகிறேன்.

முடிந்ததும் மூச்சு வாங்கி
தன் பெயரைச் சொன்னாள்.
அந்தக் காலத்தில் சொல்லியாக வேண்டும்.
எங்கோ தூரத்தில் தட்டு அச்சிடுகிறவனுக்கு
எந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்?
சொன்னாள்.
சரியாக அந்த இடத்தில் விரிசல்.
"டக்…ம்மாள், மெட்ராஸ்."

நாற்பது தடவை கேட்டிருப்பேன்.
ரங்கம்மாள், கோதம்மாள், மரகதம்மாள்,
ஒவ்வொருத்தியையும் அந்த 'டக்'கில் விட்டுத் திருகினேன்,
தொலைந்த பூட்டுக்குச் சாவிக்கொத்து போல.
எதுவும் திறக்கவில்லை.

சரி, லேபிளையாவது நான் செய்கிறேன் என்று
காசிமேட்டுக்குப் போனேன்.
என் கம்ப்யூட்டரில் நானூறு ஃபாண்ட்.
ஒன்றில்கூட இப்படி ஒரு 'ம' கிடையாது:
படகின் அணியத்தில் தேசப்பன் எழுதுவது.
அலை அடித்தாலும் எழமாட்டேன் என்று
சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.
'ள'வின் காலை மீன்வாலாய்ப் பிளந்துவிடுவான்.

பிரஷை நிறுத்தாமல் கேட்டான்:
"என் எழுத்த வச்சி இன்னா பண்ணப் போற?"
"ஒரு பாட்டுக்காரிக்கு."
"பேரு?"
பாதி சொன்னேன்.
"பாதிப் பேரோட போட்டே எறங்காதுக்கா."

ஆனாலும் எழுதினான், ஒரு ப்ளைவுட் துண்டில், மஞ்சள் எனாமலில்.
எழுத்துக்கு ஐம்பது, மூன்று எழுத்து.
தட்டுக்குக் கொடுத்த அதே நூற்றைம்பது.
புள்ளிகளுக்குக் காசு வாங்கவில்லை.

நேற்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்.
கண்ணீர் அஞ்சலி, எட்டுக்கு ஆறு.
ரேஷன் கார்டிலிருந்து வெட்டிய அம்மா.
பெயர் பவுனம்மாள்.
கீபோர்டில் கை நின்றுவிட்டது.
"பாடுவாங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.
கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்:
"பாட்டா?
தண்ணி லாரி வந்தா ஒரு கொரல் குடுப்பாங்க பாரு,
மணிக்கூண்டு வரைக்கும் கேக்கும்."

'பவுன' வரை ஃபாண்ட்.
அதற்குப் பிறகு தேசப்பன்.
இரண்டும் ஒட்டவே இல்லை.
வாலிபர்கள் நாலு பேர் தூக்கிக் கட்டினார்கள்,
ஒருவரும் கேட்கவில்லை.

லேபிள் இன்னும் மேஜையில்தான்.
மஞ்சளில் ம்மாள்,
அதற்கு முன்னால்
ஒரு 'டக்' அளவுக்கு இடம்.