இடது தாடைச் சுழி

அப்பாவின் ரேஸர் அண்ணனுக்குப் போனது.
தாடி எனக்கு வந்தது.

பாகம் பிரித்த அன்று இதை யாரும் குறித்துவைக்கவில்லை.
சங்கிலி சின்னவளுக்கு, கைக்கடிகாரம் சித்தப்பாவுக்கு.
சைக்கிள் மட்டும் யாருக்கும் வேண்டாமல்
ஜெலுத்தோங் பிளாட்டின் படிக்கட்டடியில்
பூட்டியபடியே நின்றது,
சாவி எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை.

நாற்பத்தாறு வயதில் முதல் முடி.
நூல் ஒட்டியிருக்கிறதென்று தட்டிவிட்டேன்.
போகவில்லை.
பிறகு ஐந்து. பிறகு எண்ணுவதை விட்டேன்.
லிட்டில் இந்தியாவில் நூல் போடும் பெண்
என் தலையைப் பின்னால் சாய்த்து
தாடை எலும்புக்குக் கீழே, இடப்பக்கம், விரல் வைத்தாள்:
"அக்கா, இங்க மட்டும் சுத்திச் சுத்தி முளைக்குது."
எனக்கு அந்த இடம் தெரியும்.
இருபது வருடம் பார்த்த இடம்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை அப்பாவுக்கு.
காலை ஐந்தரைக்குக் குளியலறைக் கதவு திறந்தே இருக்கும்.
கிண்ணத்தில் பிரஷ் சுழலும். நுரை காதுவரை ஏறும்.
மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ்,
அந்தச் சுழிக்கு வந்ததும்
எந்தப் பக்கம் போவதென்று பிளேடுக்கே குழப்பம்.
அங்கேதான் வெட்டும்.
நாலு நம்பர் முடிவு போட்ட தாளில்
ஒரு மூலையைக் கிழித்து, எச்சில் தொட்டு ஒட்டிக்கொள்வார்.
அதோடே ஃபெரிக்குக் கிளம்பிவிடுவார்.
அம்மா சன்னலிலிருந்து கத்துவாள்:
"பேப்பர்! பேப்பர்!"
கீழே பழைய பேப்பர் எடுக்கிறவர்
ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்கே வந்துவிட்டார்.

அண்ணன் குணாளன் இப்போது தாடி வளர்க்கிறான்,
எண்ணெய் தடவி, சீவி, பேரன் பிடித்துத் தொங்க.
ரேஸர் அவன் வீட்டு ஷோகேஸில்
லங்காவிக் கழுகு பொம்மைக்கும்
பாலத்தில் ஓடி வாங்கிய பதக்கத்துக்கும் நடுவே
கைப்பிடியில் பச்சை பிடித்துக் கிடந்தது.
தீபாவளியன்று முறுக்கைக் கடித்தபடி கேட்டேன்.
"யாருக்கு? மச்சான் மிஷின்லதானே வழிக்கிறாரு?"
"எனக்கு."
சிரித்தான். நான் சிரிக்காததால் நிறுத்தினான்.
டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.
வசுமதி அண்ணிதான் எழுந்துபோனாள்.
கழுகை நகர்த்தி, எடுத்து, முந்தானையில் துடைத்து,
டிஷ்யூவில் சுற்றி என் பையில் வைத்தாள்,
பலகாரத்தோடு பலகாரமாய்.
டியூப்லைட் வெளிச்சத்தில்
அவள் மேலுதட்டை அப்போதுதான் கவனித்தேன்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஐந்தரை.
கதவைத் தாழிட்டேன். பிறகு தாழை எடுத்துவிட்டேன்.
நுரை பூசிய முகம்
கண்ணாடியில் யாருடையதாகவும் இருக்கலாம்.
அழவெல்லாம் இல்லை.
மூக்கில் நுரை ஏறித் தும்மினேன்.
அழுத்த வேண்டியதில்லை, அதன் கனமே போதும் என்று
கைக்கு எப்படியோ தெரிந்திருந்தது.
மேலிருந்து கீழ். மேலிருந்து கீழ்.
சுழியில் வெட்டியது.

படிகாரம் வாங்க மறந்திருந்தேன்.
நம்பர் தாள் எங்கள் வீட்டில் வருவதில்லை.
மின்சார பில்லின் ஓரத்தைக் கிழித்து எச்சில் தொட்டேன்.

பள்ளியில் சபைகூடல் முடிந்து
ஆசிரியர் அறையில் ரொஹாயாத்தி டீச்சர்
என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள்.
எதுவும் கேட்காமல்
நகத்தால் மெல்லப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
62.40 என்று அச்சடித்திருந்த இடம்.
புள்ளியை ரத்தம் மூடியிருந்தது:
6240.

படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.
நீலக் குறி விழுந்து பத்து நிமிடம் பதிலில்லை.
அப்புறம்:
"ரெண்டு வெள்ளிக்கு எடுக்கிறேன். பெரிசா, சின்னதா?"
"ரெண்டும்."

சனிக்கிழமை இரவு பார்த்தோம்,
அவன் அவன் வீட்டில், நான் என் வீட்டில், போனைக் காதில் வைத்தபடி.
விழவில்லை.
அப்பாவுக்கும் ஒருநாளும் விழுந்ததில்லை.