குசினி ஆணி

பதினொரு மாதமாகக் கேட்டில் தொங்குகிறது பலகை.
விற்பனைக்கு.
கீழே மிஸ் யாப்பின் சிரிப்பு, அதற்குக் கீழே அவள் நம்பர்.
பாடாங் செராய் வெயிலில்
சிரிப்பு மட்டும் வெளுத்துப்போயிற்று.

கண் பட்டிருக்கு என்றார்கள்.
லோரோங் நான்கில் எல்லாருக்கும் காரணம் தெரியும்,
தெரிந்துகொண்டே கண் என்றார்கள்.
பாலாமணி அக்கா எலுமிச்சையும் கரித்துண்டும்
ஏழு மிளகாயும் கோத்துத் தந்தாள்.
சனிக்கிழமை பூசணி உடைத்தேன்.
குங்குமத் தண்ணீர் ரோட்டோரம் வழிகிற நேரம் பார்த்து
வீடு பார்க்க வந்த அலோர் ஸ்டார் வாத்தியார்
காரை விட்டு இறங்கவே இல்லை.

கக் ரொஹானி வேலிக்கு மேலே டப்பாவை நீட்டினாள்,
கல்லுப்பும் கருமிளகும்.
"மூலைக்கு மூலை போடு. போடும்போது பேசாதே."
பேசுவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்.
போட்டேன்.
எறும்பு வருவது நின்றது.
ஆள் வருவதும்.

மிஸ் யாப் அன்னாசிப்பழம் கொண்டுவந்தாள்.
"ஒங் லாய், ஒங் லாய்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே
வாசலிலிருந்து உருட்ட வேண்டுமாம்.
சொன்னேன், உருட்டினேன்.
நடு ஹாலில் நின்றுவிட்டது பழம்,
குணசீலன் பாய் விரித்துப் படுக்கிற இடத்தில்.
மிஸ் யாப் அதைச் செருப்பு நுனியால்
நாசூக்காகத் தள்ளிவிட்டாள்.
சாயங்காலம் நறுக்கி உப்புத் தொட்டுத் தின்றோம்,
நானும் மகளும்.

பூசாரிதான் சொன்னார்:
"வீடு உன்னை விடல தாயி.
குசினி நிலையில ஒரு ஆணியப் புடுங்கி
ஓடுற தண்ணியில போடு."
சுத்தியல் பிளவில் மாட்டி இழுத்தேன்.
பதினாறு வருசத்துத் துரு,
பூனைக்குட்டிபோல் கத்திக்கொண்டு வந்தது.
ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவேன்?
மோட்டாரையும் அவன்தான் கொண்டுபோனான்.
நடந்து போகிற தூரத்தில்
செம்பனை மில்லுக்குப் பின்னால் காண்டா ஒன்றுதான்.
எண்ணெய் போர்த்துக்கொண்டு
அசையாமல் படுத்திருந்தது.
போட்டேன்.
விழுந்த இடத்திலேயே இன்னும் கிடக்கும்.

கேட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.
இரண்டு கோட் வெள்ளை, மேலே பச்சை.
நல்ல மழை ஒன்று போதும்,
அடுப்பில் மறந்த பால்போலப் பொங்கி மேலே வரும்
ஆலோங் ஊற்றிய சிவப்பு.
சுவரில் அவன் பெயரை
தின்னர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து அழித்தேன்.
தாரில் சிந்தியதை என்ன செய்ய?

கடைசியில் வந்தது டயர் கடை சியூ.
உள்ளே வரவில்லை. கேட்டருகே குந்தி உட்கார்ந்து
கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார்.
"எவ்வளவு?"
வீட்டு விலையைச் சொன்னேன்.
"அது இல்ல. இது."
நாற்பதாயிரம் என்றேன். வட்டி தனி.
தலையாட்டினார்.
"என் தம்பி. எங்க கேட்ல பன்றித் தலை மாட்டிட்டுப் போனாங்க.
எங்கம்மா மூணு நாள் சாப்பிடல."
பிறகு எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு
பத்தாயிரம் குறைத்துக் கேட்டார்.
தெரிந்தவர் குறைக்கமாட்டார் என்று
நான் ஏன் நினைத்தேன்?

ஒரு கிண்ணம் உப்பு, ஒரு கிண்ணம் அரிசி வை,
பழைய விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போகாதே,
படி தாண்டினால் திரும்பிப் பார்க்காதே:
பாலாமணி அக்கா விரல் மடக்கிச் சொல்லி அனுப்பினாள்.
மகள் லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.
படி தாண்டினேன்.
கேட்டைப் பூட்டித்தானே
சாவியைக் கொடுக்க வேண்டும்.
திரும்பினேன்.

விரலெல்லாம் பச்சை ஒட்டிக்கொண்டது.
நேற்று ராத்திரிதான்
இன்னொரு கோட் அடித்திருந்தேன்.