ஓரத்தில் பென்சில்

வீமிஸ் பேயிலிருந்து ரோத்சேக்குப்
படகு போய்ச்சேர முப்பத்தைந்து நிமிடம்.
ஒரு கொலைக்கு அது போதும்.
இரண்டாம் பக்கத்தில் பிணம்,
வெளியே பனி, உள்ளே விருந்தாளிகள் ஆறு பேர்,
கோப்பையின் அடியில் ஏதோ கசப்பு,
கடைசிப் பக்கத்தில் ஒரு முகம் வெளிறும்.
படகுப் பாலம் தடாலென்று இறங்குகையில்
புத்தகத்தை மூடியிருப்பேன்.

நடுவில் யாராவது பேச்சுக்கொடுத்தால்
கணக்குப் பிசகும்.
பிடிபடாத கொலைகாரன்
என்னோடு கவுன்சில் அலுவலகம் வருவான்.
நான் அபராதச் சீட்டுகளுக்குப் பதில் எழுத எழுத
மாலைப் படகு வரைக்கும்
மேசைக்கடியில் ஈரச் சப்பாத்தோடு
உட்கார்ந்திருப்பான்.

நூலகத்தில் இந்தக் கதைகளுக்கு
ஜன்னலோரம் ஒரே ஒரு தட்டு.
முதுகு உரிந்த தொகுப்புகள்.
அதில் ஒன்றின் நாற்பத்தோராம் பக்கத்தில்தான்
முதன்முதலாகப் பார்த்தேன், பென்சிலில்:
'ஞாயிற்றுக்கிழமை அந்த ரயில் கிடையாது.'

அடுத்த வாரம் வேறு புத்தகம், அதே பென்சில்:
'ஆர்செனிக் இவ்வளவு அவசரப்படாது.'
பாதிரியார் வாய் திறந்த இடத்தில்
'பொய்.'
சமையல்காரி அழுதுகொண்டே
வெங்காயம் நறுக்கும் இடத்தில்
'இவளிடம் யாரும் எதுவும் கேட்பதேயில்லை.'

துப்பறிதல் ஒரு தொற்றுநோய்.
எழுதிய எழுத்தை எழுதிய கையே
தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது: இடக்கை.
பக்கங்களில் மார்மலேட் பிசுக்கு:
சாப்பாட்டு மேசையில் படிப்பவர்,
அதட்ட ஆளில்லாத வீடு.
ரயில் நேரம் மனப்பாடம்: ரயில்வே உத்தியோகம்.
ஆர்செனிக்கும் தெரிந்திருக்கிறது.
சரி, அதற்குள் போக வேண்டாம்.

ஒரு மாதம் படகில் கைகளையே பார்த்தேன்.
கார்த் தளத்தில் கயிறு வீசும் ஃபார்க்கர் லெனி
வலக்கை, விடுதலை.
டெரியர் நாயோடு வரும் திருமதி ட்ரமெல்ஸியர்
கரண்டியை இடக்கையில் பிடித்ததும்
நெஞ்சு துள்ளியது.
வலது மணிக்கட்டில் கட்டு.

பிறகு இந்தப் புத்தகம்.
ஏழாவது கதை, பாதி வரைக்கும் பென்சில்.
மறுபடியும் ஒரு சமையல்காரி.
'யாராவது இவளைக் கேளுங்கள்,'
கீழே இரண்டு கோடு, காகிதம் கிழியும் அழுத்தம்.
அந்தப் பக்கத்தில் ஒரு படகுச் சீட்டு,
போன நவம்பர், ஒருவழி.
அதற்கப்புறம் ஓரமெல்லாம் வெள்ளை.
எட்டாவது கதையும் வெள்ளை.
தட்டிலிருந்த மற்றதையெல்லாம் புரட்டினேன்,
வெள்ளை.

நூலகத்து யூனா மெக்கோர்க்கடேலைக் கேட்டிருக்கலாம்.
இரவல் வாங்கும் ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும்.
முத்திரை குத்தியபடி
நான் ஏதோ கேட்கப்போவதுபோல் நிமிர்ந்தாள்.
மழை விடுமா என்றேன்.

யார் கொன்றது என்று தெரியாமல்
ஒருநாள் பொறுக்க மாட்டாதவள் நான்.
இதைமட்டும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றிருந்தது.

இன்று மாலை, டோவர்ட் முனை தாண்டும்போது
கதையை முடித்தேன்.
கிழவருடைய தங்கை மகன்தான், வழக்கம்போல.
சமையல்காரி கடைசி வரியில்
பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தபாலாபீசில் வாங்கிய பென்சில் பையில் இருந்தது.
அடுத்தவர் வண்டி கோடு தாண்டியதற்காகப்
பதினோரு வருடம் தண்டம் விதித்த கை
நூலகப் புத்தகத்தில் எழுதியது:

'தங்கை மகன்.
அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்.
ஒருவரும் கேட்கவில்லை, நீங்கள் சொன்னதுபோல.
அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில்,
அட்டவணையில் பார்த்துவிட்டேன், கிடையாதுதான்.'

பாலம் இறங்கும் சத்தம்.
படகுச் சீட்டை அதே பக்கத்தில் வைத்தேன்.
ஃபார்க்கர் கயிற்றோடு நின்று
என் விரலிலிருந்த கரியைப் பார்த்தார்.
பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.