பத்துக் கிலோ என்று போட்டிருந்தது

இன்று பராமரிப்பு மின்தடை, ஒன்பது முதல் ஐந்து வரை.
செக்காலை ரோட்டில்
மாவு மில் கூட வாய் மூடிக் கிடக்கிறது.
புதுவயல் அரிசி ஆலை மோட்டார்
வயிறு திறந்தபடி என் கடையில் கிடக்கிறது.
கிடக்கட்டும்.

மோட்டார் தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கியில்
ஒரு முழம் தங்கூசி,
கீழே பிளாஸ்டிக் வாளி.
வாளி அறுநூறு கிராம்.
செம்புக்கு அரை லிட்டர், அதாவது அரைக் கிலோ.
தராசு எதற்கு?

வாங்கி வைத்த மூன்று சுருளிலும்
அட்டையில் ஒரே அச்சு: பத்துக் கிலோ.
முடிச்சுப் போட்ட பிறகு எவ்வளவு என்று
எந்த அட்டையிலும் இல்லை.
முடிச்சுப் போடாமல் தூண்டிலை
எதில் மாட்டுவது?

நைலான் முதலில்.
மெத்தென்று வளைந்தது,
ஐந்து சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று
பள்ளிப் பிள்ளைகள் வரிசைபோல் அடங்கின.
பதினாறாம் செம்பில் அறுந்தது. எட்டு அறுநூறு.

அடுத்தது ஃப்ளோரோகார்பன்.
விலை மூன்று மடங்கு,
தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது என்றான் கடைக்காரன்.
விறைப்பு. சுருட்டச் சுருட்ட
விரலை எதிர்த்துக்கொண்டே வந்தது.
இழுத்து இறுக்கினேன்.
பன்னிரண்டாம் செம்பில் முடிச்சின் கழுத்தில் போயிற்று.
அறுந்த முனையைப் பார்த்தேன்:
சுருண்டு, வெளுத்து,
சூட்டில் எரிந்த காயிலின் முனை மாதிரி.

பின்னல் நூல் அறவே இல்லை.
ஒன்பதாம் செம்பில்
மெதுவாக, சத்தமே இல்லாமல்,
தன்னைத் தானே உருவிக்கொண்டு போய்விட்டது.
கடன் வாங்கிய சிலர் ஊரை விட்டுப் போவதுபோல.

பக்கத்துப் பஞ்சர் கடை இன்னாசி
வாசலில் நின்று எல்லாம் பார்த்தான்.
"காய்ந்த வாயோடு இறுக்கினா எதுவும் வேகும்ணே.
எச்சில் தொட்டு இறுக்குங்க."
தொட்டேன். மெல்ல இழுத்தேன்.
அதே ஃப்ளோரோகார்பன், அதே முடிச்சு,
பதினைந்து செம்பு தாங்கியது.
ஒன்றரைக் கிலோ
என் நாக்கில் இருந்திருக்கிறது இத்தனை நாளும்.

"விரால் பல்லுக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே"
என்று இன்னாசி
பிரேக் கம்பியில் பிரித்த ஓர் இழையோடு வந்தான்.
கம்பியை முடிந்தால்
மடிந்த இடத்தில் ஏழே செம்பு, டக்.
முடியாமல் வளையமாக்கித்
தன்மேலேயே முறுக்கிவிட்டால்
பத்து, பதினைந்து, இருபது.
எழுதிக்கொண்டே இருந்தேன்.
இருபத்தேழாம் செம்பில்
கம்பி அப்படியே இருக்க
வாளியின் காது கழன்றது.

ரசீதுப் புத்தகம், சிமெண்ட் தரை,
இன்னாசியின் செருப்பு, எல்லாம் வெள்ளம்.
மோட்டார்ப் பக்கம் போன தண்ணீரை
வேட்டியால் அணை கட்டி நிறுத்தும்போதுதான்
ஆலை மேனேஜர் தேனப்பனின் போன்.
"ஆச்சா?"
"கரண்ட் இல்லைங்க."
பொய் இல்லை.

ஐந்தரைக்கு வந்தது.
பள்ளத்தூர்க் கண்மாய்க்குப் போக
இன்றைக்கு வெளிச்சமில்லை.
விளக்கைப் போட்டுக் காயிலை இறக்கினேன்,
இன்சுலேஷன் தாள் சொருகினேன்,
தலைப்பைச் சேர்த்து நூலால் கட்டினேன்.
முதல் முடிச்சை இறுக்கும் முன்
விரல் தானாக வாய்க்குப் போயிற்று.
வார்னிஷ் கசப்பு.

ஸ்டேட்டருக்கு ஈரம் ஆகாது.
அந்த ஒரு முடிச்சை மட்டும்
பிளேடால் அறுத்துப் போட்டுவிட்டு
வேறு நூல் எடுத்தேன்.
இதற்கு உலர்ந்த முடிச்சுதான்.