மாடிச் சாவி

எனக்கு இரண்டு வீட்டுக்காரர்கள்.
ஒருவர் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம்
குளோரின் பிளாண்டில் வால்வு திருகுகிறார்.
இன்னொருவர், சாத்தப்பன்,
அண்ணாநகரில் இருந்துகொண்டு
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு வாங்குகிறார்
இந்தக் கண்டனூர் வீட்டின் இரண்டாம் கட்டுக்கு.

ஆறு, இரண்டு, பத்து: அது ஷிப்டுச் சங்கு.
அதைக் கேட்டுத்தான் உலை வைப்பேன்.
ஏறி இறங்கி ஏறி இறங்கி
மூன்று நிமிடம் ஊளையிட்டால் அது வேறு.
முதலாமவர் வாயாலேயே ஊதிக் காட்டினார்.
பிரிட்டோ சிரித்தான்.
இரண்டாம் தடவை ஊதியபோது சிரிக்கவில்லை.

"நெருப்புன்னா குனி. இதுன்னா ஏறு.
இது காத்தைவிடக் கனம்,
தண்ணி மாதிரி பள்ளம் பாத்துப் போகும்."
காலண்டர்த் தாளின் முதுகில் வீட்டை வரைந்தார்.
வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரிகிற வீடு.
கட்டியவர்கள் காற்றுக்குப் பாதை போட்டார்கள்,
எந்தக் காற்று என்று கேட்கவில்லை.
முற்றத்துக்கு மேலே வானம்.
அதற்கு டேப் ஒட்ட முடியாது.
மாடியில் ஒரே அறை, இரண்டு சன்னல். அதுதான்.

மாடிச் சாவி அண்ணாநகரில்.

போன் செய்தேன்.
"எதுக்கு, வடாம் காயப்போடவா?"
வாயு என்றேன்.
மோரில் பெருங்காயம் போட்டுக் குடிக்கச் சொன்னார்.
மூன்றாவது போனில்தான் புரிந்தது.

கூரியரில் வந்தது ஒரு சாண் சாவி,
கூடவே நாலு பக்கப் பட்டியல்:
பித்தளை அண்டா ஏழு.
மங்குத் தூக்கு பதினொன்று.
பீங்கான் தட்டு முப்பத்தாறு, விரிசல் இரண்டு.
கடைசியில் சிவப்பு மையில்,
சேதம் இருந்தால் உடன் எழுதவும்.

அண்டாக்களை ஓரம் தள்ளி எங்கள் சாமானை வைத்தேன்.
தண்ணீர்க் கேன், பொரி, டார்ச், பேட்டரி ரேடியோ,
அகல டேப், செலஸ்தீனாவின் இன்ஹேலர்,
ஐந்து துண்டு.
"நாலு போதுமே" என்றார்.
எண்ணத் தெரியாதவள்போல இருந்துகொண்டேன்.

நாலாவது, முன்கட்டில் தைக்கும்
அபுதாகிர் மாஸ்டருக்கு.
ஊரே கத்தினாலும் அவர் மிஷின் ஓடும், காது கேட்காது.
பிரிட்டோ போய் அவர் விளக்கை
மூன்று முறை அணைத்துப் போடவேண்டும்.
கரண்ட் இல்லையென்றால் சட்டையைப் பிடித்து இழுக்கவேண்டும்.
மாஸ்டர் தலையாட்டினார்.
மாடிக்கு வந்து சன்னலை அளந்து
பாலிதீன் வெட்டிக் கொடுத்தார்,
பழக்கத்தில்
தையலுக்கு முக்கால் இஞ்ச் விட்டு.

ஞாயிறு பூசை முடிந்து ஒத்திகை.
ஃபேனை நிறுத்து. துண்டை நனை.
புதுவயல் அரிசி ஆலைப் புகை
எந்தப் பக்கம் சாய்கிறது, பார். ஏறு.
முதல் தடவை ஒன்பது நிமிடம்.
மூன்றாம் தடவை நாலேகால்.
கதவிடுக்கில் டேப் ஒட்டி உட்கார்ந்தோம்.

தட்டும் சத்தம்.
"நான்தான். திற."

அவரே சொல்லியிருந்தார்:
ஒட்டின பிறகு யார் தட்டினாலும் திறக்காதே.
நான் தட்டினாலும்.
என் சட்டையில் ஏறி அது உள்ளே வரும்.

"செலா, அப்பாம்மா. திறடா தங்கம்."
இருமிக் காட்டினார்.
காட்டியதுதானா என்று தெரியவில்லை.
பிரிட்டோ எழுந்தான்.
செலஸ்தீனா அவன் டவுசரைப் பிடித்து உட்காரவைத்தாள்.
மாஸ்டர் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார்.
என் விரல் டேப்பின் நுனியில்.

"சரி" என்றது குரல்.
"சரியாத்தான் செய்றீங்க."
படி இறங்கும் சத்தம் மட்டும்
வெகுநேரம் வரவில்லை.

அவர் பத்துமணிச் சங்குக்குப் போனபின்
பட்டியலின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
மாடிக் கதவுச் சட்டம், உள்பக்கம்,
பெயிண்ட் உரிந்தது, இரண்டு விரற்கடை.
மற்றவை எண்ணிப் பார்த்தேன், உள்ளன.
அண்டா ஏழு. தூக்கு பதினொன்று.
துண்டு ஐந்து.