வியாழக்கிழமைக் கணக்கு

வாரத்தில் ஒருநாள் லீவு.
ஹோட்டல் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு
அப்புத்தளையிலிருந்து ஆட்டோவில்
மேல் டிவிசன் பள்ளிக்கூடம்.

"இந்தியா சார்" என்பார்கள்.
நாகர்கோவில் என்று திருத்துவதில்லை இப்போதெல்லாம்.
பெரட்டு என்றால் என்ன,
அரைப்பேர் எப்போது விழும் என்றெல்லாம்
எனக்குச் சொல்லித்தந்தது ஐந்தாம் வகுப்பு.
நான் தந்தது வகுத்தல்.

நேற்று, மூடுபனி விலகவில்லையென்று
தள்ளுபடி கேட்டார் ஒரு விருந்தாளி.
கொடுத்தோம்.

இன்று கணக்கை நீங்களே எழுதுங்கள் என்றேன்.
மாம்பழம், டொபி, பஸ் டிக்கெட்.
கடைசி பெஞ்ச் திலோஜினி மட்டும்
எங்கள் ஹோட்டலின் ஓர் இரவு வாடகையை
அம்மாவின் ஒருநாள் பேரால் வகுத்திருந்தாள்.

வாடகை எப்படித் தெரியும்?
"அங்க பெட்ஷீட் தோய்க்கிறது எங்க மாமா சார்."

ஈவு சரி.
மீதியும் சரி.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்,
மூடினேன்.
தகரத்தில் மழை,
நான் பேசாதது யாருக்கும் தெரியாத அளவுக்கு.

கொஞ்சம் விட்டதும் எழுந்து நின்றாள்:
"காலைச் சாப்பாடு சேர்த்தா சார்,
சேர்க்காமலா?"

சேர்த்துத்தான் என்றேன்.

"அப்ப விடை மாறும்" என்று
பக்கத்துப் பையனிடம்
அழிரப்பர் கேட்டாள்.